சோம்பேறி என்று சொல்லுமுன்…

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் சேலை வாங்குவோர் சிலரின் ரவிக்கைகள் கிள்ளானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் தைக்கப்படுகின்றன. தைப்பவர் என் அம்மா. தீபாவளி நெருங்கினால் இரவு ஒரு மணிக்கும் தையல் இயந்திரம் ஓயாது.

அண்மையில் வகுப்பில் ஒரு மாணவர், "ஏழை நாட்டுத் தொழிலாளர்கள் சோம்பேறிகள். அதனால்தான் அங்கே உற்பத்தித்திறன் குறைவு" என்றார். அம்மாவின் வீங்கிய விரல்கள்தாம் என் கண்முன் வந்தன.

கோபம் மட்டும் பதிலாகாது என்பதால் தேடிப் படித்தேன். பொருளாதார வரலாற்று அறிஞர் கிரெகரி கிளார்க் 1987-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1910 வாக்கில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பஞ்சாலையில் ஒருவர் செய்த வேலைக்கு இந்தியாவிலும் சீனாவிலும் ஜப்பானிலும் ஏறக்குறைய ஆறு பேர் தேவைப்பட்டனர். இத்தனைக்கும் இந்திய ஆலைகளில் ஓடியவை இங்கிலாந்தில் செய்த இயந்திரங்கள்!

அப்படியானால் குறை தொழிலாளியிடமா? கிளார்க் அந்தப் பக்கமே சாய்கிறார். நான் உடன்படவில்லை. கூலி மலிவான இடத்தில் கூடுதல் ஆள் வைப்பது முதலாளிக்குச் சுமையல்ல. மட்டமான பஞ்சில் நூல் அடிக்கடி அறும். அதைப் பிணைக்கவும் ஆள் வேண்டும். அன்று இந்தியாவோடு ஒரே வரிசையில் நின்ற ஜப்பான், 1930-களில் வெகுதூரம் முன்னேறிவிட்டது. அதற்குள் ஒரு நாட்டு மக்களின் இயல்பா மாறிவிடும்?

2013-இல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் தெளிவானது. நிக்கோலஸ் புளூம் குழுவினர் மும்பை வட்டாரத்து நெசவாலைகள் சிலவற்றுக்கு இலவச நிர்வாக ஆலோசனை அளித்தனர். துணியில் வரும் பழுதுகளைப் பதிவு செய்வது, இயந்திரங்களை முறையாகப் பராமரிப்பது, நூல் இருப்பை ஒழுங்குபடுத்துவது ஆகியவையே மாற்றங்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

'சோம்பேறி' என்ற முத்திரை நம் நாட்டுக்கும் புதிதல்ல. காலனித்துவ ஆட்சியாளர்கள் மலாய்க்காரர்கள்மீது அதைக் குத்தியதை சைட் ஹுசேன் அலாத்தாஸ் 1977-இலேயே தம் நூலில் தோலுரித்தார்.

படித்ததை வீட்டிலும் செய்து பார்த்தேன். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன். அளவுகளையும் கொடுக்க வேண்டிய தேதிகளையும் ஒரே நோட்டில் எழுதினேன். தேடும் நேரம் குறைந்தது. இப்போது அம்மா பதினொரு மணிக்கே தூங்கப் போகிறார். அவர் முன்பும் சோம்பேறியாக இருந்ததில்லை.

நண்பர்களே, ஒருவரின் உழைப்பை எடைபோடுமுன், அவர் கையில் என்ன கருவி இருக்கிறது, அவருடைய வேலையை யார் எப்படி அமைத்துத் தந்திருக்கிறார்கள் என்று கேட்போம்.