சிறைக்காவலனும் திரைப்படமும்

சிறைக்கூடத்தைக் களமாகக் கொண்டு எழுந்த திரைப்படங்கள் நம் தமிழ்நாட்டில் மிகுதியாக இல்லை. எனினும் உள்ளவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒரு குறை தெற்றெனப் புலனாகும். கொலைஞன் ஒருவனைக் காட்டுங்கால், அவன் பிறந்த ஊர் யாது, அவன் கையிற் கத்தியைக் கொடுத்தது எது, அவன் நெஞ்சில் இன்னும் எஞ்சியுள்ள ஈரம் எத்துணை என்றெல்லாம் விரித்துக் காட்டுகின்றனர். அது பாராட்டற்குரியதே. ஆனால் அவனைப் பூட்டி, திறவுகோற்கொத்தை இடையிற் செருகிக்கொண்டு, இரவெல்லாம் வாயிற்கண் நிற்கும் காவலனுக்கோ ஊரும் இல்லை, வீடும் இல்லை, வரலாறும் இல்லை. ஒன்று, அவன் பேயாக வருகின்றான்; இன்றேல், தெய்வமாக வருகின்றான். மனிதனாக வருதல் அரிதினும் அரிது. இக்குறை சிறிதன்று என்பதே யான் ஈண்டுக் கூறப் புகுந்தது.

முதற்கண் தெய்வத்தைக் காண்போம். 1957-இல் வி. சாந்தாராம் இந்தியில் எடுத்த ‘தோ ஆங்க்கேன் பாரா ஹாத்’ என்னும் படம் பலராலும் போற்றப்பட்டது. இரண்டு கண்கள், பன்னிரண்டு கைகள் என்பது அப்பெயரின் பொருள். கண்கள் இரண்டும் சிறையதிகாரி ஒருவனுடையவை. கைகள் பன்னிரண்டும் கொலைக்குற்றவாளிகள் அறுவருடையவை. அவ்வறுவரையும் சிறைக்கு வெளியே அழைத்துச் சென்று, பாழ்நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வித்து, அன்பொன்றினாலேயே அவன் ஆட்கொள்ளுகின்றான். இக்கதை முழுக் கற்பனையும் அன்று. மராட்டிய நாட்டில் அவுந்து என்னும் சிறு சமஸ்தானத்தில் நிகழ்ந்த திறந்தவெளிச் சிறை முயற்சியே இதற்கு வித்து என்பர். இதனைத் தழுவி, எம்.ஜி.ஆர். சிறையதிகாரியாக நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ என்னும் தமிழ்ப்படம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் வெளிவந்தது. நம்பியாரும் பி. எஸ். வீரப்பாவும் கொலைஞராக நிற்க, அவரது பார்வை பட்ட மாத்திரத்தே வன்னெஞ்சமெல்லாம் மெழுகாகின்றன. தியாகராய நகரில் நண்பன் ஒருவன் இல்லத்தில் இப்படத்தைக் கண்டேன். அவன் பாட்டியார் முன்றானையால் இருமுறை கண்களைத் துடைத்துக்கொண்டார். யானும் மகிழ்ந்தே கண்டேன். ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. இவ்வதிகாரிக்கு அச்சம் என்பதே இல்லையே! சோர்வும் இல்லை, மாதக் கடைசி என்பதும் இல்லை. மனிதனுக்குரிய இவையெல்லாம் இல்லாத ஒருவன் கொலைஞரை வென்றான் என்றால், அது நமக்கு எதனைக் கற்பிக்கும்?

நிற்க. அப்படம் வெளிவந்து மூன்று திங்கள் கழிந்தன. 1976 ஜனவரி 31-ஆம் நாள் தமிழக அமைச்சரவை கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலையில் பிடிக்கப்பட்ட அரசியலார் பலர் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு அவர்கள் அங்கே அடித்து நொறுக்கப்பட்டனர். பின்னாளில் முதலமைச்சரான மு. க. ஸ்டாலின் அடியுண்டவருள் ஒருவர். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு மற்றொருவர். சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிர் நீத்தார். திரையில் அன்பே வடிவான ஜெயிலரைக் கண்டு கைதட்டிய அதே நகரில், சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அணித்தே, மெய்யான ஜெயிலின் மதிலுக்குள் நிகழ்ந்தது இது.

நெருக்கடி நிலை நீங்கியபின் இதனை ஆராய ஓர் ஆணையம் அமைந்தது. அதன் தலைவர் நீதிபதி மு. மு. இஸ்மாயில். தமிழ் பயிலும் நமக்கு அவர் கம்பனில் தோய்ந்த பேரறிஞராகவே அறிமுகமானவர். சென்னைக் கம்பன் கழகம் என்றவுடன் அவர் பெயரே நினைவிற்கு வரும். கவிநயம் கண்ட அக்கண்களே தடியடியைப் பற்றிய சாட்சியங்களையும் வரிவரியாக எடையிட நேர்ந்தது. அடி விழுந்தது மெய்யே என்று ஆணையம் கண்டது. அடித்தவர் சம்பளம் பெறும் காவலர் மட்டும் அல்லர். ‘கன்விக்ட் வார்டர்’ எனப்பட்டோரும் அடித்தனர். இப்பெயர் நம்மவருட் பலர்க்குப் புதிதாக இருக்கலாம். நெடுந்தண்டனை பெற்ற கைதிகளுள் சிலரைத் தெரிந்தெடுத்து, ஏனைக் கைதிகளைக் காக்கும் வேலையில் அமர்த்துதல் பழைய சிறைமுறை. நேற்றுவரை பூட்டப்பட்டவன் இன்று பூட்டுகின்றான். கொடுங்குற்றவாளியும் காவலனும் ஓருடலில் நிற்கும் விந்தை இது. அவன் தடியை ஓங்கியபொழுது அவனுள் ஓங்கியது குற்றவாளியின் கையா, காவலனின் கையா? அன்றி, ஆணையிட்டுவிட்டு அறைக்குள் அமர்ந்திருந்தவரின் கையா? ஒரு நாடகாசிரியனுக்கு இதனினும் செறிந்த பாத்திரம் வேறு யாது வேண்டும்? நம் கதாசிரியர்கள் இவனை நடுவில் நிறுத்தி ஒரு படம் எடுத்தலாகாதா?

இனிப் பேயைக் காண்போம். 1994-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்த ‘மகாநதி’ உயர்ந்த படம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்து, வஞ்சகனை நம்பிக் கெட்டு, சிறைபுகும் கிருஷ்ணசாமியின் துயரம் கல்லையும் கரைக்கும். அப்படத்தில் கொடிய காவலனாக நடித்த சங்கர் என்பவர்க்கு ‘மகாநதி’ என்பதே பெயரின் முன்னடையாக நிலைத்துவிட்டது. அத்துணை ஆழமாக அக்கொடுமை மக்கள் மனத்திற் பதிந்தது. ஆயினும் அக்காவலன் ஏன் அங்ஙனம் ஆனான் என்று படம் ஒரு கணமும் நின்று கேட்பதில்லை. பத்தாண்டு கழித்து வந்த ‘விருமாண்டி’யோ ஒரு படி மேற்சென்று, ஒரே நிகழ்ச்சியை இரு கைதிகள் வாயிலாக இருவேறு கதைகளாக உரைக்கின்றது. கொத்தாளத் தேவன் தன் கதையைச் சொல்லுகின்றான். விருமாண்டி தன் கதையைச் சொல்லுகின்றான். இருவரையும் பூட்டிவைத்திருப்பவனுக்கும் ஒரு கதை உண்டன்றோ? அம்மூன்றாவது கதையை எவரும் கேட்டிலர். நாசர் நடித்த நல்ல அதிகாரியும் அங்கே இருக்கின்றார். தீய காவலனும் இருக்கின்றான். நன்மையும் தீமையும் இரு வேறு ஆட்களாகப் பிரிக்கப்பட்டமையால், ஒருவனுள்ளே இரண்டும் போராடுதலைக் காணும் வாய்ப்பு நமக்கு இல்லாமற் போயிற்று.

பழந்தமிழ் பயில்வார்க்கு இக்குறை புதிதன்று. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்தான். நீர் வேட்கை மிகத் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே தந்திலர், காலந்தாழ்த்துத் தந்தனர். அதனைக் கையில் ஏந்தியவாறே, பருகாது, தன் மானத்தைப் பாடலாக்கி அரசன் துஞ்சினான் என்பது புறநானூற்றின் 74-ஆம் பாட்டுக்குரிய குறிப்பு. வகுப்பில் இதனைப் படிக்குந்தோறும் அரசனின் பெருமிதத்தையே வியக்கின்றோம். தேர்விலும் அதனையே எழுதுகின்றோம். ஆனால் அக்காவலன் ஏன் தாழ்த்தான்? செருக்கினாலா? சோழனுக்கு அஞ்சியா? அன்றி, ‘பகையரசனுக்கு நீர் கொடுக்கலாமா’ என்று மேலோனைக் கேட்டுவரச் சென்றானா? இம்மூன்றும் மூன்று வேறு கதைகள். மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் இவ்வகையிற் சற்றுப் பரிவுடையவர். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில், அமுதசுரபியேந்திய நங்கை கைதிகளுக்கு உணவிடுதலைக் கண்ட காவலர் வியந்து, ஓடிச்சென்று அரசனிடம் உரைக்கின்றனர். வியக்கும் நெஞ்சமேனும் அவர்களுக்கு அருளப்பட்டது!

இக்கருத்தை யான் கூறியபொழுது என் வகுப்பு நண்பர்கள் எள்ளினர். “தடியைப் பிடித்தவனுக்குப் பரிந்து பேசுகின்றாயே! அடியுண்டவனின் கதையையே இன்னும் முழுதும் கேட்டு முடியவில்லை. அதற்குள் அடித்தவனின் கண்ணீரா?” என்றனர். இவ்வினா பொருளுடையதே. அடித்தவனுக்கு விடுதலை தருக என்று யான் வேண்டவில்லை. அவனை அறிக என்றே வேண்டுகின்றேன். ஒரு காவலனைப் பிறவிப் பேயாகக் காட்டிவிட்டால், அப்பேய் ஒழிந்தவுடன் சிறை தூய்மையாகிவிட்டது என்று எண்ணி நாம் கொட்டகையை விட்டு எழுந்து வந்துவிடுகின்றோம். அவனைத் தடியெடுக்கச் செய்த ஏற்பாடு அப்படியே நிற்கின்றது; ஆணையிட்டவர் பெயர் வெளிவருவதே இல்லை. பேய்க்கதையால் நன்மை பெறுபவர் அவரே அல்லரோ?

விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் பிலிப்பி நகரத்துச் சிறைக்காரனை இங்கு நினைக்கின்றேன். மேலோர் கட்டளைப்படி, அடியுண்டு வந்த பவுலையும் சீலாவையும் உட்காவலறையில் அடைத்துக் கால்களைத் தொழுமரத்தில் மாட்டியவன் அவன். நள்ளிரவில் நிலம் அதிர்ந்து கதவுகள் திறந்தன. கைதிகள் ஓடிவிட்டனர் என்று எண்ணி, அவன் முதலிற் செய்தது தன் வாளைத் தன்மீதே உருவியது. அதனைத் தடுத்தது ஒரு கைதியின் குரல். தொழுமரத்தை மாட்டிய அதே கைகள் அன்றிரவே அக்காயங்களைக் கழுவின. அவனுக்குப் பெயர் கூறப்படவில்லை. ஆனால் அச்சமும் வீட்டாரும் கூறப்பட்டனர். சில வரிகளில் ஒரு காவலன் மனிதனாகிவிட்டான். மூன்று மணி நேரப் படத்தில் நம்மால் இஃது இயலாதா?

அடையாற்றில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வார்டர் ஒருவர் வாழ்கின்றார். சிறைப்படங்களைப் பற்றி ஒருமுறை அவரிடம் கேட்டேன். “தம்பி, அடிப்பதைக் காட்டுகின்றார்கள், எண்ணுவதைக் காட்டுவதில்லை” என்றார். மாலையில் கைதிகளை அடைக்குங்கால் தலையெண்ணிக்கையில் ஒன்று குறையின், மறுபடியும் எண்ண வேண்டும். மீண்டும் குறையின் அன்று எவர்க்கும் வீடு இல்லை. உறக்கத்திலும் எண்ணிக்கொண்டிருந்ததாகக் கூறினார். கைதிகளை அடித்ததுண்டா என்று கேட்க எண்ணினேன். அதற்குள் அவர் வேறு பேச்சைத் தொடங்கிவிட்டார்.

இனி, 1999-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு நவம்பர் 17-ஆம் நாள், ‘பாக்ஸர்’ வடிவேலு என்னும் கைதி மருத்துவமனையில் இறந்த செய்தி பரவ, மத்திய சிறையிற் பெருங்கலகம் மூண்டது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் தீக்கிரையானார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டனர். ஒரே நாளில் இரு புறத்தும் பிணங்கள். 1837-இல் எழுந்த அச்சிறை 2006-இற் புழலுக்கு மாறிற்று, 2009-இல் இடிக்கப்பட்டது. மயிலையினின்று பறக்கும் ரயிலில் பூங்கா நகர் செல்வோர் இன்று அவ்விடத்திற் காண்பது மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடத்தையே.

இக்கலகத்தை அடியொற்றி 2024 நவம்பரில் வெளிவந்ததே ‘சொர்க்கவாசல்’. சித்தார்த் விஸ்வநாத் இயக்கிய இப்படம், விசாரணை அதிகாரியின்முன் பலரும் உரைக்கும் வாக்குமூலங்களாக விரிகின்றது. அவ்வதிகாரிக்கு இஸ்மாயில் என்றே பெயர்! முந்தைய ஆணையத்தை நினைந்து வைத்தனர்போலும். செல்வராகவன் நடித்த சிகா என்னும் கைதி, ஊரையே நடுங்கவைத்தவன், திருந்த விழைபவன். அவன் முகத்தில் அச்சந்தரும் அமைதியொன்று தவழ்கின்றது. காவற்பணியாளரும் தம் வாயாலேயே தம் பக்கத்தைக் கூறுதல் இப்படத்தின் தனிச்சிறப்பு. ‘விருமாண்டி’யிற் கேளாது விடப்பட்ட மூன்றாவது கதையின் முதல் அடிகள் இங்கே காதில் விழுகின்றன. ஆயினும் புதிதாக வரும் கண்காணிப்பாளன் பழைய சூழ்ச்சிக்காரனாகவே தீட்டப்பட்டுள்ளான். பழியற்ற கதைத்தலைவனின் துயரமே படத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றது. அரைக்கதவு திறந்தது என்று கொள்ளலாம்.

மறுபாதியைத் திறப்பவர் கோடம்பாக்கத்திலிருந்து வந்தாலும் சரி, தரமணித் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தாலும் சரி. கன்விக்ட் வார்டர் ஒருவனையோ, குடவாயிலில் நீர்க்கலத்துடன் தயங்கி நின்றவனையோ தலைவனாகக் கொண்டு ஒரு படம் எடுப்பாராயின், சண்டைக்காட்சி ஒன்றும் இல்லாவிடினும், முதல் நாள் முதற்காட்சிக்குத் தியாகராய நகர்க் கொட்டகையின் வாயிலில் யான் நிற்பேன். எள்ளிய நண்பர்களுக்கும் சீட்டு என் செலவே.