இடம் தந்தால் மட்டும் போதுமா?

தில்லியில் பள்ளிப் படிப்பை முடித்த உயரம் தாண்டும் வீரர் தேஜஸ்வின் சங்கர், 2017-இல் விளையாட்டு உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு படித்துக்கொண்டே 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டியில் முதலிடம் பெற்றார். 2022-இல் பர்மிங்ஹாமில் வெண்கலம் வென்றபோது, காமன்வெல்த் போட்டிகளில் உயரம் தாண்டுதலில் இந்தியாவுக்கு முதல் பதக்கம் கிடைத்தது.

தில்லிப் பல்கலைக்கழகத்திலும் விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. ஆனால், இடம் என்பது வாயில் மட்டுமே. உள்ளே நுழைந்தபின் பயிற்சியாளர், சத்துள்ள உணவு, காயத்துக்குச் சிகிச்சை ஆகியவை தொடர்ந்து கிடைத்தால்தான் திறமை வளரும். அமெரிக்க உதவித்தொகையின் பலம் இவை அனைத்தும் ஒரே வளாகத்தில் கிடைப்பதுதான்.

ஆண்டுதோறும் 1,000 இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வீதம் 8 ஆண்டுகள் உதவும் "கேலோ இந்தியா" திட்டத்தை மத்திய அரசு 2018-இல் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. பொதுப்பணம் என்பதால் வீரர்களின் முன்னேற்றத்தை மதிப்பிடுவதிலும் தவறில்லை. ஆனால், காயமுற்ற ஆண்டையும் சோர்ந்த ஆண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. உதவி நின்றுவிடுமோ என அஞ்சும் மாணவர் வலியை மறைத்துக்கொண்டு ஓடுவார். பிறகு ஓடவே இயலாமல் போகும்.

எனவே, காயத்தால் எவரும் உதவித்தொகையை இழக்கக் கூடாது. நாட்டுக்காக ஆடச் சென்றவருக்குத் தேர்வைப் பிறிதொரு நாளில் நடத்த வேண்டும். பட்டம் பெறும்வரை துணைநிற்பதே உண்மையான உதவி.