மைக்கைக் கொஞ்சம் குறைங்க சார்

கச்சேரி நடுவில் மிருதங்கக்காரர் சவுண்ட் ஆளைப் பார்த்துக் கையை மேலே தூக்கி ஆட்டினால் 'இன்னும் ஏத்து' என்று அர்த்தம். கையைக் கீழே இறக்கிக் காட்டியவர்களை இந்த இருபது வருஷத்தில் ரெண்டே ரெண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். நான் அந்த ரெண்டு பேர் கட்சி.

பாலக்காடு மணி ஐயர் (1912-1981) 1960களில் மைக் வைத்த கச்சேரியில் வாசிக்க மாட்டேன் என்று நின்றவர். 1966ல் சங்கீத கலாநிதி பட்டம் வாங்கிய முதல் மிருதங்க வித்வான். அவ்வளவு பெரிய ஆள், வீம்பு பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதில் நியாயம் இருக்கிறது.

மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடது பக்கத்தில், கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அடித்தொனி அந்த ஈர ரவையில் இருந்துதான் வருகிறது. இடது கையை அழுத்தித் தேய்த்தால் வருவது கும்கி. மேடையில் வைக்கிற மைக்கைத் தொப்பிக்கு ஒட்டி வைத்தால் அடித்தொனி தானாகவே வீங்கும். சவுண்ட் ஆளோ நேற்று மெல்லிசைக்குத் திருகிய பேஸை அப்படியே விட்டிருப்பார். கும்கி இடி மாதிரி விழும், வலந்தலையின் மீட்டும் சாப்பும் அதுக்குள் மூழ்கிவிடும். வித்வான் உடனே வலது கையை ஓங்குகிறார். வயலின்காரர் தனக்கு ஒண்ணும் கேட்கவில்லை என்று மானிட்டரை ஏத்தச் சொல்கிறார், பாடகரும் கையைத் தூக்குகிறார். கடைசியில் மானிட்டர் சத்தம் மைக்குக்குள் நுழைந்து 'கூய்ய்' என்று ஊளையிடுகிறது. எல்லாரும் சவுண்ட் ஆளை முறைக்கிறோம், பாவம்.

காது வலிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சத்தம் ஏறினால் என்ன வாசிப்பது என்கிற முடிவே மாறிவிடுகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன மாசம் விமான் நகர் பக்கம் ஒரு சின்ன ஹாலில் கச்சேரி. நூறு பேர்கூட இல்லை, ஸ்பீக்கர் மட்டும் ஆள் உயரம். பாடகி தீட்சிதரின் 'அக்ஷயலிங்க விபோ' எடுத்தார். சங்கராபரணம், மிஸ்ர சாபு, ஏழு எண்ணிக்கை, நிதானமான நடை. வரிகளுக்கு நடுவே கார்வை நீளமாக வரும். அந்த இடத்தில் ஒரு மீட்டு, ஒரு சின்ன கும்கி, அது போதும். தம்பி ஒவ்வொரு கார்வையிலும் ஃபரன் பொழிந்து தள்ளினார். தாளம் இம்மியும் பிசகவில்லை, விரல் சுத்தம் அபாரம். கிருதியைத்தான் காணோம். மென்மையாகத் தட்டினால் கேட்காது என்று தெரிந்தபின் எந்தப் பையன் மென்மையாகத் தட்டுவான்?

பழைய ஒலிப்பதிவுகளில் பழனி சுப்பிரமணிய பிள்ளையைக் கேளுங்கள். 1962ல் மறைந்தவர், இடது கைக்காரர். பாட்டு வரியின் நெளிவுக்குள்ளேயே கும்கி போய் உட்காரும். அனுபல்லவி முடிந்து பல்லவி எடுப்புக்குத் திரும்பும் இடத்தில் சுருக்கமாக ஒரு தீர்மானம், மற்றபடி சர்வலகு. கையில் இருப்பதையெல்லாம் தனி ஆவர்த்தனத்துக்கு வைத்துக்கொள்வது ஒரு மரியாதை.

மைக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கஞ்சிரா இத்தனை நன்றாகக் கேட்பது மைக் வந்த பிறகுதான். இங்கே பூனாவில் 1953ல் பீம்சேன் ஜோஷி ஆரம்பித்த சவாய் கந்தர்வ விழாவில் ஆயிரக்கணக்கில் உட்காருகிறார்கள், அங்கே மைக் இல்லாமல் முடியுமா? அங்கே தபலாக்காரர் விளம்பித் கயாலுக்கு டேகாவை மட்டும் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிறார், பாருங்கள். நம்ம மிருதங்கம் அப்படி டேகா வாசிக்கிற வாத்தியம் இல்லைதான், ஆனால் அந்தப் பொறுமையைக் கடன் வாங்கலாம். வட்டி கிடையாது :-)

குறைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்காது என்கிறார் எங்கள் ஹால்காரர். முன்னால் நாலு வரிசை காலியாத்தானே கிடக்கு, அங்க வந்து உட்காரச் சொல்லுங்களேன்.