விட்டுக்கொடுப்பில் வளரும் வணிகம்

ஜும்ஆத் தொழுகை நிறைவுற்றதும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு திருமறை நம்மைப் பணிக்கின்றது. பள்ளிவாசலுக்கும் கடைவீதிக்கும் இடையே இஸ்லாம் சுவர் எழுப்பவில்லை. எனினும், தொழுகையில் பணியும் நம் தலை கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்ததும் ஏனோ நிமிர்ந்துவிடுகின்றது. பிடித்த பிடியில் நிற்பவனே பிழைப்பான், இறங்கி வருபவன் ஏமாளி என்னும் எண்ணம் வணிகரிடையே வேரூன்றியிருக்கின்றது. இஃது மார்க்கத்திற்கும் முரணானது, வணிகத்திற்கும் கேடானது.

சில ஆண்டுகளுக்கு முன் சகோதரர் இருவரின் வழக்கொன்று ஜமாஅத்தின் முன் வந்தது. தந்தை விட்டுச்சென்ற துணிக்கடை. தந்தை நடத்திய முறை மாறலாகாது என்றார் மூத்தவர். வெளியூர்களுக்கும் சரக்கு அனுப்பவேண்டும், கைப்பேசி வழியே பணம் பெறவேண்டும் என்றார் இளையவர். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவரும் இறங்கி வரவில்லை. முடிவில் கடையின் நடுவே சுவர் எழுந்தது. நெடுநாள் வாடிக்கையாளர்கள், எந்தப் பக்கம் நுழைவது என்று தயங்கி மூன்றாம் கடைக்குச் சென்றனர். இன்று இரு பகுதிகளுமே வாடகைக்கு விடப்பட்டுள்ளன. இருவரும் ஐவேளையும் தொழுபவர்கள், கணக்கில் நேர்மையானவர்கள். ஒரு படி இறங்கும் மனம் மட்டுமே அவர்களிடம் இல்லாதிருந்தது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கொரு பாடம் உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. இல்லத்திலிருந்த பெருமானார் அவர்கள் திரையை விலக்கி வெளிவந்து, கடனில் பாதியை விட்டுவிடுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். அடுத்த கணமே, எழுந்து சென்று மீதியைச் செலுத்துமாறு கடன்பட்டவருக்குக் கட்டளை பிறந்தது.

உரிமை உடையவர் இறங்கி வந்தார். சலுகை பெற்றவர் தாமதமின்றிக் கடனைத் தீர்க்கப் பணிக்கப்பட்டார். சமரசம் என்பது இவ்விரு கடமைகளும் சேர்ந்ததே. ஒருவர் எப்போதும் கொடுத்துக்கொண்டும் மற்றவர் எப்போதும் பெற்றுக்கொண்டும் இருப்பதற்குச் சமரசம் என்று பெயரில்லை.

வணிகத்தில் நெகிழ்வு என்பது தொழிலையே மாற்றிக்கொள்ளும் துணிவும் ஆகும். மக்காவிலே வணிகராக விளங்கிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனா வந்தபோது, ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள். அவரோ அதனை அன்புடன் மறுத்து, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பழைய பெருமையை எண்ணிச் சிறு சரக்கை இகழவில்லை. பின்னாளில் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக உயர்ந்தார்கள்.

'ஒருமுறை விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று நம் கடைகளில் பலகை தொங்குகின்றது. வாங்கியதற்காக வருந்தி வருபவரின் பேரத்தை மனமுவந்து இரத்துச் செய்வதை நம் ஃபிக்ஹு நூல்கள் 'இகாலா' என்று குறிப்பிடுகின்றன. அவ்வாறு செய்பவரின் தவறுகளை அல்லாஹ் மன்னிப்பான் என நபிமொழி நற்செய்தி கூறுகின்றது. பொருளைத் திருப்பித் தரும் ஏழைத்தாய் அன்று வெறுங்கையோடு செல்லலாம். மகளின் திருமணத்திற்கு அவள் நம் கடைக்கே வருவாள்.

ஆயின், விட்டுக்கொடுக்கலாகாத இடமும் உண்டு. சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தென்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். அந்த ஈரத்தை மக்கள் காண மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வினவிய பெருமானார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். விலையை இறக்கலாம், தவணையை நீட்டலாம், உண்மையை மறைத்தலாகாது. இலாபம் நமக்கு உரியது. அதனை விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையுண்டு. அளவும் நிறுவையும் வாங்குபவருக்கு உரியவை. அவற்றை நாம் குறைக்க இயலாது. எதை விடலாம், எதை விடலாகாது என்பதற்கு இதுவே உரைகல்.

ஆதலின் அன்பர்களே, கூட்டாளியோடும் உடன்பிறந்தாரோடும் மனத்தாங்கல் இருப்பின், இன்று ஜும்ஆ முடிந்ததும் நீங்களே முதலில் சென்று ஸலாம் கூறுங்கள். தந்தை தந்த கடையின் நடுவே சுவர் எழும்பாதிருக்க அந்த ஒரு ஸலாம் போதுமானதாக அமையலாம்.

வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் பரக்கத்தையும், நம் நெஞ்சங்களில் இணக்கத்தையும் நல்கியருள்வானாக! ஆமீன்.