கண்ணை மூடுவது யாருக்காக?

தியானம் என்றாலே இப்போது ஒரே விளக்கம்தான். டென்ஷன் குறையும், நன்றாகத் தூக்கம் வரும், பரீட்சை ஹாலில் கை நடுங்காது. தவறே இல்லை. நானும் தேர்வுக்கு முதல் நாள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தவன்தான். ஆனால் பத்து நிமிடம் கழித்து எழுந்தபோது, அறை நண்பன் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. நான் அமைதியாக இருந்தேன். அவனோடு பேசாமலும் இருந்தேன். அப்படியானால் அந்த அமைதியால் யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு யூத மரபில் நேரான பதில் இருக்கிறது. "யூதர்களிடம் தியானமா?" என்று ஆச்சரியப்பட வேண்டாம். சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, முற்காலப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் மனதை ஒருமுகப்படுத்திக் காத்திருந்ததாகச் சொல்கிறது. தால்முத் இன்னும் ஒரு படி மேலே போகிறது: முன்னால் ஒரு மணி, ஜெபம் ஒரு மணி, பின்னால் ஒரு மணி. மூன்று வேளைக்கும் சேர்த்து 9 மணி நேரம்! இந்த ஒருமித்த நோக்கத்துக்கு எபிரேயத்தில் 'கவனா' என்று பெயர். பின்னாளில் பிரெஸ்லவ் ரபி நஹ்மன் (1772-1810), தினமும் தனியிடம் தேடிப் போய், தாய்மொழியிலேயே கடவுளிடம் மனம்விட்டுப் பேசச் சொன்னார்.

சரி, இவ்வளவும் எதற்கு? இங்கேதான் விஷயம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத் நகரில் வாழ்ந்த ஐசக் லூரியாவின் வழிவந்த பழக்கம் ஒன்று உண்டு. காலை ஜெபத்தைத் தொடங்கும் முன், பிறனை நேசிக்க வேண்டும் என்ற கட்டளையை ஏற்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடவுளிடம் போகும் வழியில் அடுத்த வீட்டுக்காரன் நிற்கிறான். அவனைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

ஜெப ஆலயத்தில் ஆசாரியர்கள் சபையை ஆசீர்வதிப்பதைப் பாருங்கள். எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ள அந்த ஆசி எபிரேயத்தில் மூன்றே வரி, 15 சொற்கள். அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதற்கு முன் அவர்கள் சொல்லும் வாசகம், அன்போடு ஆசீர்வதிக்கும்படி தங்களுக்குக் கட்டளையிடப்பட்டிருப்பதாகக் கூறுகிறது. சபையை நேசிக்காத ஆசாரியர் கை உயர்த்தக்கூடாது என்கிறது சோஹர் நூல். மனதைச் சோதித்துப் பார்க்காதவனுக்கு ஆசி சொல்லும் தகுதியே இல்லை என்றுதானே பொருள்? புத்தாண்டுக்கு ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் நமக்கு இது சுடவில்லையா?

"முதலில் என்னைச் சரிசெய்துகொள்கிறேன், மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம்" என்று வாதிடுபவர்கள் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது வரும்? மிஷ்னா இதில் கறாராக இருக்கிறது: மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை யோம் கிப்பூர் என்னும் பாவநிவாரண நாள்கூட நீக்காது, பாதிக்கப்பட்டவரை நேரில் சமாதானப்படுத்தும் வரை.

1883இல் மறைந்த ரபி இஸ்ரேல் சலாந்தரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அன்றாடம் தன் குணங்களைத் தானே கணக்குப் பார்க்கும் முறையைப் பரப்பியவர் அவர். பாவநிவாரண நாளுக்கு முந்தைய இரவு சபையே அவருக்காகக் காத்திருந்ததாம். அவரோ வழியில் ஒரு வீட்டில், தாய் ஜெபத்துக்குப் போய்விட்டதால் அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாராம். நடந்ததோ இல்லையோ, இத்தனை காலம் அதை விடாமல் சொல்லி வருகிறார்கள் என்பதே போதும். உள்ளே பார்த்துப் பழகிய காதுக்குத்தான் அந்த அழுகை கேட்டிருக்கும்.

ஆகவே என் கட்சி இதுதான். பிறரை வாழ்த்தும் மனதைத் தராத தியானம் வெறும் ஓய்வு. ஓய்வு தேவைதான், அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைக்காதீர்கள். கண்ணை மூடியதும் எந்த முகம் வரக்கூடாது என்று தள்ளுகிறோமோ, அந்த முகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அறை நண்பனிடம் பேசிவிட்டாயா என்று கேட்காதீர்கள். இதை எழுதி முடித்த பிறகு தப்பிக்க வழியில்லை. நாளைக் காலை, பல் தேய்த்த கையோடு.