ஒரு வாரப் பணிச்சுற்று கல்வியாகுமா?

பயிற்சி மருத்துவருக்கான 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தேசிய மருத்துவ ஆணையம் இந்திய மருத்துவ முறைகளுக்கென ஒரு வாரத்தை ஒதுக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில், ஆயுர்வேத முதுநிலை மாணவருக்கு அறுவைப் பயிற்சி அளிக்கும் அறிவிப்பை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் டிசம்பர் 11 அன்று வேலைநிறுத்தம் செய்தது. ‘கலப்பு மருத்துவம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைப்போர் வேறுபட்ட இரு வினாக்களைக் குழப்புகின்றனர். பிற முறையைக் கையாளும் உரிமை வேறு. நோயாளி உட்கொண்டது இன்னதென அறியும் கல்வி வேறு.

அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களிலும், இடுக்கியின் முதுவர் குடிகளிலும், மூணாறு, பீர்மேடு தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் லயங்களிலும் பச்சிலை வைத்தியம் இன்றும் புழக்கத்தில் உள்ளது. பாலக்காடு, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிகளின் மாணவர் எதிர்கொள்ளப்போவது இம்மக்களைத்தான். ஆயுஷ் என்னும் தொகுப்பில் ஆயுர்வேதமும் சித்தமும் ஓமியோபதியும் உண்டு. ஊர் வைத்தியருக்கு அதில் இடமில்லை. ஆயுர்வேத மருத்துவமனையில் கழியும் ஒரு வாரம் குடியின் மருந்தைப் பற்றி என்ன கற்பிக்கும்?

கற்பித்தாலே அங்கீகாரமாகிவிடும் என்று அஞ்சுவோர் உளர். நஞ்சியல் கற்பிப்பதால் நஞ்சுக்கு அங்கீகாரம் கிடைத்துவிடுவதில்லை. மரபு என்பதாலேயே தீங்கற்றது என்போரும் உளர். பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. சீந்தில் உட்கொண்டோரின் கல்லீரல் பாதிப்பை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதனை மறுத்தது. மறுபுறம், சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் நோயாளிகளிடம் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தார். மரபு நூலில் தொடங்கிய தேடலில் மலேரியா மருந்தைக் கண்ட தூ யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிட்டியது. இந்நான்கையும் ஒரே வகுப்பில் வைத்து, சான்றை எடைபோடக் கற்பிப்பதே மருத்துவக் கல்வி. போற்றியும் தூற்றியும் கழிப்பது கல்வியன்று.

அதன் முதற்பாடம் ஒரு கேள்வி: “வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள்?” அதனை நோயாளியின் மொழியில், ஏளனமின்றிக் கேட்கத் தெரிய வேண்டும். ஏசினால் நோயாளி மறைப்பார். மறைத்தால், மஞ்சட்காமாலையோடு வந்தவரின் கல்லீரல் ஏன் கெட்டது என்பது மருத்துவருக்குப் புலப்படாது. அக்கேள்விக்கு வரும் விடையைப் புரிந்துகொள்ள மருந்தியல் வகுப்பில் மூலிகை–மருந்து எதிர்வினைகளும், சமூக மருத்துவக் களப்பணியில் ஊர்களும் குடிகளும் லயங்களும் இடம்பெற வேண்டும். அவ்வாறன்றி ஒதுக்கப்படும் ஒரு வாரம் வருகைப் பதிவேட்டை நிரப்பும், நோயாளியைக் காக்காது.