தகரக் கூரைக்குள் காற்று வர



2010இல் மீளக் குடியமர்ந்தபோது எனக்குக் கிடைத்ததும் தகரக் கூரைதான். சித்திரை வெயிலில் தகரம் வெக்கையைக் கீழே வீசும். சூடேறிய காற்று முகட்டில் தங்கி நிற்கும். மறிக்கவும் வேண்டும், வெளியேற்றவும் வேண்டும்.

தகரத்துக்குக் கீழே நாலு விரல் இடைவெளி விட்டு, சரிவோடு கிடுகு கட்டினேன். முகடு முட்டக் கட்டாமல் ஒரு சாண் விட்டேன். தாழ்வாரப் பக்கம் நுழையும் காற்று அந்த இடைவெளியால் ஏறி, முகட்டை ஒட்டி இரு பக்கச் சுவரிலும் விட்ட துவாரங்களால் வெளியேறும். அதன்பிறகு மத்தியானத்திலும் பிள்ளைகள் உள்ளே இருந்து படித்தார்கள்.

துவாரங்களுக்கு வலை அடியுங்கள், வௌவால் வராது. மாரியிலும் அவற்றை அடைக்க வேண்டாம். கிடுகு பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலே கிடுகு கட்டவே கூடாது.

ஏணி பிடிக்க அயலில் ஒருத்தி இருந்தால், கூலிக்கு ஆள் தேடாமல் நாமே கட்டலாம்.